நாளைக்கு எத்தனை யூனிட்? வானிலை முன்னறிவிப்பை வைத்து வீட்டு சோலார் உற்பத்தியைக் கணிக்க முழுமையான வழிகாட்டி

சித்திரை மாதத்தில் ஒரு நாள் மதியம், அப்பா இன்வர்ட்டர் ஆப்பைத் திறந்து என்னிடம் நீட்டினார். "மாசியில இதைவிட அதிகம் வந்துச்சு. இப்ப வெயில் மண்டையைப் பிளக்குது, யூனிட் ஏம்ப்பா குறையுது?" எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. பேனல் போட்டவரிடம் கேட்டால் "சூட்டுல அப்படித்தான் சார்" என்றார். அது பாதிப் பதில் என்பது பிறகு கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். இதைக் கற்றுக்கொண்டால் நாளை உங்கள் மாடி எத்தனை யூனிட் தரும் என்று முந்தைய இரவே ஓரளவு சொல்லிவிடலாம். புரோகிராமிங் தேவையில்லை. ஒரு எக்செல் ஷீட், இன்வர்ட்டர் ஆப், ஒரு மாதப் பொறுமை இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் வீட்டையே வைத்துக்கொள்கிறேன்: மதுரை, மொட்டை மாடி, 540 வாட் பேனல் 6, ஆக 3.24 கிலோவாட். இன்வர்ட்டர் 3 கிலோவாட். பேனல்கள் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு.

இது யாருக்குப் பயன்படும்

நெட் மீட்டர் வைத்திருப்பவர்கள் கிரைண்டரை மதியம் ஓட்டினாலும் இரவு ஓட்டினாலும், ஈபி லைனுக்கு ஏற்றியதும் அதிலிருந்து இறக்கியதும் பில்லில் கழிந்துவிடும். அதனால் "வெயில் நேரம் பார்த்து மோட்டார் போடுங்கள், பணம் மிச்சம்" என்று அவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கணிப்பின் பெரிய பயன் வேறு. இன்று 15 யூனிட் வந்திருக்க வேண்டும், 12 தான் வந்திருக்கிறது என்றால் எங்கோ கோளாறு. வர வேண்டியது எவ்வளவு என்று தெரியாதவருக்கு வராமல் போனது தெரியாது. ஒரு பேனல் கெட்டு ஆறு மாதம் கழித்து ஈபி பில்லைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பேட்டரியோடு ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கும், நெட் மீட்டர் இல்லாமல் ஆஃப் கிரிட்டில் ஓட்டுபவர்களுக்கும் இது நேரடியாகவே தேவை. இன்றிரவு பேட்டரியைக் காலி செய்யலாமா, நாளைக்கு நிறையுமா என்பது அவர்களுடைய அன்றாடக் கேள்வி.

படி 1: கூரையின் ஜாதகத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பேனல்களின் மொத்தக் கிலோவாட், இன்வர்ட்டரின் உச்சத் திறன், சாய்வு, திசை, வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகை. மதுரைக்கு ஏறக்குறைய 9.92 வடக்கு, 78.12 கிழக்கு. கூகுள் மேப்பில் உங்கள் மாடியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்ணும் வந்துவிடும்.

சாய்வை அளக்க மொபைலில் ரசமட்டம் பார்க்கும் ஆப் போதும், பேனல் சட்டத்தின் மீது வைத்துப் பாருங்கள். திசைக்கு மட்டும் மொபைல் காம்பஸை நம்பாதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் பக்கத்தில் அதன் முள் எங்கெங்கோ திரும்பும். மேப்பின் சாட்டிலைட் படத்தில் வீட்டின் சுவர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத் திசையை முடிவு செய்வது நல்லது. பாதி கிழக்கு, பாதி மேற்கு என்று பேனல் போட்டிருந்தால் இரண்டையும் இரண்டு வீடாக நினைத்துத் தனித்தனியே கணக்கிட்டுக் கடைசியில் கூட்டுங்கள்.

பேனல் டேட்டா ஷீட்டில் இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று வெப்பக் குணகம்: சூடு ஒரு டிகிரி ஏறினால் திறன் எத்தனை சதவீதம் குறையும் என்பது. மோனோ பெர்க் பேனல்களில் சுமார் 0.35, டாப்கான் வகையில் சுமார் 0.30 இருக்கும். மற்றொன்று நாக்ட் என்று குறிப்பிடும் வெப்பநிலை, பெரும்பாலும் 45 டிகிரி செல்சியஸ். காற்று 20 டிகிரியிலும் வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட்டிலும் இருக்கும்போது பேனல் எவ்வளவு சூடாகும் என்பதுதான் அது.

சாய்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கு மேல் அது நம் வடக்கே போய்விடும். தெற்கு பார்த்த பேனலுக்கு அந்த மாதங்களில் உச்சிவெயில் சற்றுப் பின்பக்கம் சாய்ந்து விழும். ஊரின் அட்சரேகை அளவே, அதாவது 10 டிகிரி, சாய்த்திருந்தால் ஜூன் 21 அன்றும் டிசம்பர் 21 அன்றும் உச்சிவெயில் ஒரே கோணத்தில் விழும். யாராவது "சாய்வு அதிகமிருந்தால் உற்பத்தி அதிகம்" என்று 25 டிகிரி வைத்துக் கொடுத்திருந்தால், ஜூனில் உங்கள் கணிப்பு எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக வரும். கணக்கில் தவறு என்று பதற வேண்டாம்.

படி 2: மேக சதவீதத்தை விடுங்கள், கதிர்வீச்சைப் பிடியுங்கள்

பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். வானிலை ஆப்பில் "மேகமூட்டம் 90 சதவீதம்" என்று பார்த்ததும் உற்பத்தி போச்சு என்று நினைக்கிறார்கள். ஆனால் மேகத்தில் வகை உண்டு. ஏழெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் பஞ்சைப் பிரித்துப் போட்டதுபோல் பரவும் மெல்லிய மேகம் வானத்தை முழுக்க மூடினாலும் வெயில் நன்றாகவே இறங்கும், தரையில் நிழல்கூட விழும். கீழே கனத்துத் தொங்கும் மழைமேகம் அதே 90 சதவீதம் மூடினால் உற்பத்தி கால்வாசிக்கும் கீழே போகலாம். ஒரே எண், இரண்டு வேறு நாள்கள்.

வானிலை மாதிரிகள் (முன்னறிவிப்புக்காகக் கணினியில் ஓடும் கணக்குகள்) இந்த வேறுபாட்டைத் தாமே கணக்கிட்டு, தரையில் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெயில் இறங்கும் என்று தனியே தருகின்றன. நமக்கு வேண்டியது அந்த எண். அதில் இரண்டு பங்கு உண்டு: சூரியனிலிருந்து நேராக வரும் நேர்க்கதிர், வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும் பரவல் கதிர். மப்பும் மந்தாரமுமான நாளில் வருவது முழுக்கப் பரவல் கதிர்தான். அன்று பேனல் எந்தத் திசையில் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தெளிந்த நாளில் நேர்க்கதிரே ஆட்சி செய்யும். அன்றுதான் சாய்வும் திசையும் முக்கியம்.

படி 3: எண்களை இறக்குதல்

ஓப்பன்-மீட்டியோ என்ற இணையதளத்தைப் பரிந்துரைக்கிறேன். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஐஎஃப்எஸ், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான் என்று பல மாதிரிகளின் முன்னறிவிப்பு அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். 16 நாள் வரை தருவார்கள், ஆனால் கூரைக் கணக்குக்கு முதல் இரண்டு மூன்று நாள்களைத் தாண்டி நம்பிக்கை வைக்காதீர்கள்.

முன்னறிவிப்புப் பக்கத்தில் உங்கள் அட்சரேகை தீர்க்கரேகையைப் போடுங்கள். மணிவாரிப் பட்டியலில் காற்றின் வெப்பநிலையையும், சாய்ந்த பரப்பின் மீது விழும் கதிர்வீச்சையும் (குளோபல் டில்டட் இர்ரேடியன்ஸ் என்று இருக்கும்) டிக் செய்யுங்கள். சாய்வையும் திசையையும் கேட்கும் கட்டங்கள் அங்கேயே இருக்கும். திசைக் கட்டத்தில் கவனம்: இங்கே தெற்கு 0, கிழக்கு கழித்தல் 90, மேற்கு 90. வேறு சில மென்பொருள்களில் வடக்கை 0 என்று வைத்து, தெற்கை 180 என்பார்கள். நான் முதல் வாரம் 180 என்று போட்டுவிட்டு, வடக்கு பார்த்த கூரைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். அந்தத் தளத்தில் ஒரு மணிக்கு எதிரே இருக்கும் கதிர்வீச்சு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தின் சராசரி. 12 மணிக்கு எதிரே உள்ள எண் 11 முதல் 12 வரைக்கானது. அதோடு மாதிரிகள் ஓடுவது கிரீன்விச் நேரத்தில், நமக்கோ ஐந்தரை மணி நேர வித்தியாசம். அந்த அரை மணிதான் தொல்லை. குழப்பமே வேண்டாம் என்றால் கிரீன்விச் நேரத்திலேயே இறக்கி, நீங்களே 5.30 கூட்டுங்கள். கிரீன்விச் 6 மணிக்கு எதிரே இருப்பது நம் நேரத்தில் 10.30 முதல் 11.30 வரை.

சரியாகப் பொருத்தினோமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். நவம்பர் தொடக்கத்தில் 12.01 வாக்கிலும் பிப்ரவரி நடுவில் 12.32 வாக்கிலும் உச்சி வரும். தெற்கு பார்த்த பேனலில், மேகமில்லாத நாளின் வளைகோடு இந்த நேரத்தை ஒட்டித்தான் உச்சம் தொட வேண்டும். உங்கள் கணிப்பு 11.30க்கே உச்சம் தொட்டால் நேரத்தைப் பொருத்தியதில் பிசகு.

படி 4: ஒரு மணி நேரத்துக்கான கணக்கு

பேனலின் மீது எழுதியிருக்கும் 540 வாட் என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலில், பேனலின் உள்ளே 25 டிகிரி இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. நம் மாடியில் அந்த இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். அதனால் மூன்று திருத்தம்.

முதலில் பேனலின் சூடு. பேனல் சூடு = காற்றின் வெப்பநிலை + (நாக்ட் கழித்தல் 20) ÷ 800 × கதிர்வீச்சு.

ஒரு மணி நேரத்துக்குக் கதிர்வீச்சு 820, காற்று 35 டிகிரி என்று வைப்போம். 25 ÷ 800 × 820 = 25.6. அதோடு 35ஐக் கூட்டினால் பேனல் 60.6 டிகிரி. தளத்தோடு ஒட்டி, அடியில் காற்றுப் போகாமல் போட்டிருந்தால் இன்னும் ஏறும்.

அடுத்து வெப்ப இழப்பு. 60.6 கழித்தல் 25 = 35.6 டிகிரி. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் என்றால் ஏறக்குறைய 12.5 சதவீதம் போகும். மிஞ்சுவது 0.875.

மூன்றாவது மற்ற இழப்புகள். இன்வர்ட்டரில் 3 சதவீதம், வயரிலும் பேனல்களுக்குள் உள்ள சிறு வேறுபாடுகளிலும் 3, தூசியில் 4 என்று தொடக்கத்துக்கு வையுங்கள். பெருக்கினால் ஏறக்குறைய 0.90. இந்த எண் சரியா தவறா என்று இப்போது கவலைப்பட வேண்டாம், 7ஆம் படியில் உங்கள் கூரையே திருத்திக் கொடுக்கும்.

உற்பத்தி = 3.24 × 0.82 × 0.875 × 0.90 = 2.09 கிலோவாட். அந்த ஒரு மணியில் 2.09 யூனிட். (820ஐ 1000ஆல் வகுத்ததுதான் 0.82.)

அதே கூரையில் மேகமான ஒரு மணி: கதிர்வீச்சு 250, காற்று 29. பேனல் சூடு 36.8, வெப்பத்தில் மிஞ்சுவது 0.96. உற்பத்தி 0.7 யூனிட். வெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனாலும் உற்பத்தி அந்த அளவுக்கு விழவில்லை, பேனல் குளிர்ந்ததால் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

எக்செலில் ஒரு மணிக்கு ஒரு வரி. நேரம், கதிர்வீச்சு, காற்று, பேனல் சூடு, வெப்பத்தில் மிஞ்சியது, யூனிட் என்று ஆறு நெடுவரிசை. முதல் வரியில் சூத்திரத்தைப் போட்டு இழுத்துவிட்டால் கடைசி நெடுவரிசையின் கூட்டல்தான் நாளின் கணிப்பு. மேகமே இல்லாத ஏப்ரல் நாளில் எங்கள் கூரைக்கு 17 யூனிட் பக்கம் வரும்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மாசி உச்சியில் கதிர்வீச்சு 900, காற்று 30 என்றால் பேனல் 58 டிகிரி. கத்திரியில் அதே கதிர்வீச்சில் காற்று 38 என்றால் 66. வித்தியாசம் 8 டிகிரி, அதாவது 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆக "சூட்டுல அப்படித்தான்" என்பது முழுக் காரணம் அல்ல. மே நடுவில் சூரியன் வடக்கே போய்விடுவதால் உச்சிவேளையில் தெற்கு பார்த்த பேனலுக்குச் சுமார் 5 சதவீதம் குறையும். மழை பெய்து மாதங்கள் ஆகியிருக்கும், பேனலில் தூசி படிந்திருக்கும். கோடையில் வானம் நீலமாக இல்லாமல் வெளிறிப்போய்க் கிடக்கும், அந்தப் புழுதிமூட்டம் நேர்க்கதிரைத் தின்னும். மதியம் மூன்று மணிக்கு மேல் இடிமேகம் திரளும். இத்தனையும் சேர்ந்துதான் அந்தக் குறைவு. நம் உடம்புக்கு உறைப்பது காற்றின் சூடும் புழுக்கமும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டும்.

படி 5: அவசரத்துக்கு ஒரு வரிக் கணக்கு

மணிவாரியாகப் போட நேரமில்லை என்றால், அதே தளத்தின் நாள்வாரிப் பட்டியலிலிருந்து நாள் முழுவதுக்குமான கதிர்வீச்சுக் கூட்டுத்தொகையை எடுங்கள். அது மெகாஜூலில் இருக்கும், 3.6ஆல் வகுத்தால் யூனிட் கணக்கு. 20.5 மெகாஜூல் என்றால் 5.69. அதை 3.24 கிலோவாட்டால் பெருக்கி, எல்லா இழப்புக்கும் சேர்த்து 0.77ஆல் பெருக்கினால் 14.2 யூனிட். இந்தக் கூட்டுத்தொகை சமதளத்துக்கானது. 10 டிகிரி சாய்வுக்குப் பெரிய மோசமில்லை, செங்குத்தாகச் சாய்த்த கூரைக்கு ஒத்துவராது.

படி 6: நிழலும் உச்சவரம்பும்

எந்த வானிலை மாதிரிக்கும் உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியாது. எங்கள் மாடியில் தொட்டி தென்மேற்கு மூலையில் இருக்கிறது. ஜூனில் ஒரு தொந்தரவும் இல்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் மூன்றரை மணிக்குத் தொட்டியின் நிழல் முதல் பேனலின் கீழ்முனையைத் தொடும், நாலு மணிக்கு இரண்டு பேனல்களின் குறுக்கே படுத்துவிடும். பேனலுக்குள் செல்கள் சரமாக இணைந்திருப்பதால் ஒரு முனையில் விழும் நிழலே அந்தப் பேனலின் பெரும்பகுதியை இழுத்துவிடலாம். நிழல் கால்வாசிதானே என்று இழப்பையும் கால்வாசி என்று எண்ணக் கூடாது.

மேகமில்லாத ஒரு நாளின் இன்வர்ட்டர் வளைகோட்டைப் பாருங்கள். கவிழ்த்த உருளிபோல வழவழப்பாக ஏறி இறங்க வேண்டும். தெளிந்த நாள் ஒவ்வொன்றிலும் அதே நேரத்தில் அதே பள்ளம் இருந்தால் அது நிழல். அந்த மணிகளுக்குப் பெருக்க ஓர் எண்ணை (0.7, 0.5 என்று) உங்கள் பதிவிலிருந்தே எடுத்து ஷீட்டில் போட்டுவிடுங்கள். மாதம் மாறும்போது நிழலும் நகரும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தென்னை மரம் இருப்பவர்களுக்கு இது இன்னும் சிரமம், மட்டை விழுந்தாலும் கணக்கு மாறும்.

உச்சவரம்பு எளிது. கணக்கில் வரும் கிலோவாட் இன்வர்ட்டர் திறனைத் தாண்டினால் அந்தத் திறனோடு நிறுத்துங்கள். 3.24 கிலோவாட் பேனலுக்கு 3 கிலோவாட் இன்வர்ட்டர் என்ற எங்கள் அமைப்பில் கோடையில் இது நேர்வதே இல்லை, சூட்டிலேயே இரண்டரைக்கு மேல் ஏறாது. மழை விட்டு மேகம் பிளந்து பளீரென்று வெயில் அடிக்கும் ஐப்பசி நாள்களில்தான் தொடும். பேனல் குளிர்ந்திருக்கும், நேர்க்கதிரோடு மேகத்தின் ஓரங்களில் பட்டுச் சிதறும் வெளிச்சமும் சேரும்.

படி 7: ஒரு மாதப் பதிவேடு

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

தினமும் இரவு படுக்கும் முன் நாளைய கணிப்பை எழுதுங்கள். மறுநாள் மாலை ஆப்பில் வந்த யூனிட்டை எழுதுங்கள். வந்ததைக் கணிப்பால் வகுத்து விகிதத்தை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: தெளிவு, இடையிடையே மேகம், மப்பு, மழை. கணிப்பை முன்னிரவே எழுதிவிடுவது முக்கியம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முன்னறிவிப்பு மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஒப்பிடுவது வேறொன்றாக ஆகிவிடும்.

30 நாள் ஆனதும் முதலில் கெட்ட நாள்களை நீக்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈபி காலை 9 முதல் மதியம் 2 வரை ஷட் டவுன் செய்யும் நாள் அதில் முதலாவது. ஆன் கிரிட் இன்வர்ட்டர் (ஈபி லைனோடு இணைந்தது) லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மீது நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். தெளிந்த நாளில் அந்த ஐந்து மணி நேரம் மொத்த உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அந்த நாளை விட்டுவைத்தால் உங்கள் சராசரி முழுதும் கெடும். சில தெருக்களில் மதியம் லைன் வோல்டேஜ் வரம்பைத் தாண்டி ஏறும், அப்போதும் இன்வர்ட்டர் விலகிக்கொள்ளும். நல்ல வெயிலில் வளைகோடு சட்டென்று சுழியத்துக்கு விழுந்து சில நிமிடங்களில் மீண்டால் அதுதான். இது அடிக்கடி நடந்தால் பதிவைக் காட்டி ஈபி அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

மிஞ்சிய நாள்களில் தெளிந்த நாள்களை மட்டும் பிரியுங்கள். ஏன் தெளிந்த நாள் மட்டும்? வெயில் நாளில் வரும் பிழை கூரையின் பிழை. மேக நாளில் வரும் பிழை வானத்தின் பிழை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் எதையும் திருத்த முடியாது. கூரையின் பிழை நிலையானது, ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம். வானத்தின் பிழை நாளுக்கு நாள் மாறும், அதைத் தாங்கத்தான் முடியும்.

ஒன்பது தெளிந்த நாள்களின் விகிதம் இப்படி வந்ததாக வையுங்கள்: 0.91, 0.93, 0.92, 0.94, 0.93, 0.90, 0.93, 0.95, 0.92. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள்: 0.93. எக்செலில் மீடியன் என்று போட்டால் அதுவே தரும். சராசரியைவிட இது நல்லது, ஒரு நாள் ஏதாவது தப்பாகப் போனாலும் இந்த எண் ஆடாது. இனி உங்கள் கணிப்பை எப்போதும் 0.93ஆல் பெருக்குங்கள். 17 என்று வந்தது 15.8 ஆகும். தூசி, வயர் இழப்பு, பேனலின் வயது, எப்போதும் கூட்டியோ குறைத்தோ சொல்லும் மாதிரியின் பழக்கம் எல்லாம் இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்ணைப் புதிதாக எடுங்கள்.

உங்கள் கணிப்பு உருப்படியானதா என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரு போட்டியாளரை வையுங்கள்: "நேற்று வந்ததே இன்றும் வரும்." இரண்டு முறைகளிலும் ஒரு நாளுக்குச் சராசரியாக எத்தனை யூனிட் தவறுகிறது என்று கூட்டிப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதால் நேற்றைய எண்ணைத் தோற்கடிப்பது கடினம். ஐப்பசி கார்த்திகையில் உங்கள் கணிப்பு அதை நன்றாகவே முந்த வேண்டும். முந்தவில்லை என்றால் நேரப் பொருத்தத்தையும் திசை எண்ணையும் மீண்டும் பாருங்கள்.

படி 8: மேக நாளுக்கு ஒரே எண்ணைச் சொல்லாதீர்கள்

வானிலை மாதிரிகள் நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடுகின்றன. ஜிஎஃப்எஸ் தரவின் ஒரு கட்டம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் அகலம். நம் வானிலைத் துறை மே 2025இல் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு அமைப்பின் கட்டம் 6 கிலோமீட்டர், இது பெரிய முன்னேற்றம். அப்படியும் ஒரு இடிமேகம் திருப்பரங்குன்றத்தில் கொட்டுமா, மாட்டுத்தாவணியில் கொட்டுமா என்று முந்தைய இரவே யாராலும் சொல்ல முடியாது.

அதனால் மேக நாளில் ஒரே மாதிரியை நம்பாமல் மூன்றை எடுத்துப் பாருங்கள். ஓப்பன்-மீட்டியோவில் மாதிரியை மாற்றி மாற்றி இறக்கலாம். மூன்றும் 15, 14.5, 14 என்று சொன்னால் தைரியமாக 14.5 என்று எழுதுங்கள். 14, 11, 6 என்று சொன்னால் "6 முதல் 14, பெரும்பாலும் 11" என்று எழுதுங்கள். அந்த அகலமே ஒரு தகவல், நாளைய வானத்தை மாதிரிகளாலேயே முடிவு செய்ய முடியவில்லை என்று அர்த்தம்.

பருவத்துக்குப் பருவம் நம்பிக்கையும் மாறும். வடகிழக்குப் பருவமழையில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் மாவட்டம் மாவட்டமாக மேகம் போர்த்தும், ஒரு நாள் முன்பே மாதிரிகள் அதைப் பிடித்துவிடும். கோடை இடிமழைக் காலத்தில் காலை வேளைக் கணிப்பை நம்பலாம், மூன்று மணிக்கு மேல் வருவதைச் சந்தேகத்தோடுதான் எழுத வேண்டும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து மேகம் துண்டு துண்டாக ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு நிமிடம் வளைகோடு ரம்பம்போல ஆடினாலும் நாள் மொத்தம் ஆச்சரியப்படும்படி ஒத்துவரும். ஆடிக் காற்று பேனலைக் குளிர்விப்பதும் கொஞ்சம் உதவும்.

காலை ஒன்பதரைக்கு ஒரு திருத்தம்

ஒன்பதரை வரை 2.4 யூனிட் வர வேண்டியது 1.5 தான் வந்திருக்கிறது என்றால், மொத்த நாளையும் அதே விகிதத்தில் வெட்டிவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் மூடுபனியும் தாழ்ந்த மேகமும் பத்து மணிக்கெல்லாம் கலைந்துவிடும். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் அந்த விகிதத்தால் குறையுங்கள், அதற்கு மேல் முன்னறிவிப்பையே வையுங்கள். இந்திய வானிலைத் துறை தளத்தில் இன்சாட் சாட்டிலைட்டின் மேகப் படத்தையும் ஒரு பார்வை பாருங்கள். வெள்ளைத் திட்டு உங்கள் ஊரை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று இரண்டு மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம், ஆயத்தமாகவே கணிப்புத் தரும் சேவைகளும் உண்டு. சோல்காஸ்ட் வீட்டுக் கூரைக்காரர்களுக்கென்று இலவசக் கணக்கு வைத்திருக்கிறது, சாட்டிலைட் மேகப் படத்தைப் பயன்படுத்துவதால் அன்றைய நாள் கணிப்பில் நன்றாக இருக்கும், தாழ்வு நடு உயர்வு என்று மூன்று மதிப்பும் தரும். ஃபோர்காஸ்ட் சோலார் என்ற சேவையும் வீட்டுக் கருவிகளை இணைத்து நடத்தும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளும் சேர்ந்தால் எல்லாம் தானாகவே நடக்கும். அவற்றையும் 7ஆம் படிப் பதிவேட்டில் ஏற்றிச் சோதித்த பிறகே நம்புங்கள்.

கணிப்பை வைத்து என்ன செய்யலாம்

தூசியைப் பிடிக்கலாம். தெளிந்த நாள் விகிதத்தைத் தேதிவாரியாக வரைபடமாகப் போடுங்கள். திருத்திய பிறகு 1.00 பக்கம் நின்றது நான்கு வாரத்தில் 0.98, 0.96, 0.93 என்று மெல்ல இறங்கினால் அது தூசி. ஒரே நாளில் 1.00இலிருந்து 0.84க்கு விழுந்து அங்கேயே நின்றால் அது தூசி அல்ல. ஆறு பேனலில் ஒன்று ஏறக்குறைய 0.17 பங்கு, ஆக ஒரு பேனலோ கனெக்டரோ போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஸ்டாலரைக் கூப்பிடும்போது "கம்மியா வருது" என்று சொல்லாமல் இந்த வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பேச்சு வேறு மாதிரி இருக்கும். தூசிதான் என்றால் சூரியன் ஏறும் முன்பே கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம். உப்புத் தண்ணீர் என்றால் கழுவியதும் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும். பெருமழை வருகிறது என்று முன்னறிவிப்பு சொன்னால் வாளியைத் தூக்க வேண்டாம், ஓர் உழவு மழை பெய்தாலே விகிதம் தானாக ஏறுவதை மறுநாள் பார்க்கலாம். காக்கை எச்சம் மட்டும் மழைக்கு அசையாது.

பேட்டரியை நடத்தலாம். உசிலம்பட்டியில் அக்கா வீட்டில் ஹைப்ரிட் இன்வர்ட்டரும் 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் இருக்கிறது. பகல் செலவு 5 யூனிட், இரவில் காலியான பேட்டரியை நிரப்ப 4 யூனிட், ஆக 9 வேண்டும். நாளைய தாழ்வு மதிப்பு 9க்கு மேல் இருந்தால் இரவு பேட்டரியைத் தாராளமாக ஓட்டுகிறார்கள். 6 என்று இருந்தால், அதுவும் மறுநாள் ஷட் டவுன் என்று பேப்பரில் வந்திருந்தால், பேட்டரி 80 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி இன்வர்ட்டரில் வரம்பு வைத்துவிட்டு இரவை ஈபியில் கழிக்கிறார்கள். இந்த முடிவுக்கு நடு மதிப்பைப் பார்க்கக் கூடாது, தாழ்வு மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஈபி யூனிட் கூடுதலாகப் போவதைவிட, மழை நாள் மதியம் இருட்டில் உட்கார்ந்திருப்பது பெரிய இழப்பு.

இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வரும். "தம்பி, நாளைக்கு எவ்வளவு?" நான் இரண்டு எண் சொல்வேன். அவள் சின்னதைத்தான் காலண்டரில் குறித்துக்கொள்வாள்.